மாதம் 35,000 ரூபாயில் நான்கு பேர்: கணக்கு, மாடித் தோட்டம், ஊசி நூல்

கேள்வி: திருச்சியில் வாடகை வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கைக்கு வரும் மாத வருமானம் 35,000 ரூபாய். மாதக் கடைசியில் ஒன்றும் நிற்பதில்லை. 50,000 ரூபாய் கடன் மூணு வட்டிக்கு ஓடுகிறது. மொட்டை மாடியில் கொஞ்சம் இடமும், வீட்டில் ஒரு பழைய தையல் மெஷினும் இருக்கின்றன. பட்ஜெட் போடுவது, மாடித் தோட்டம், பழையதைத் தைத்துப் போடுவது இதிலெல்லாம் உண்மையில் காசு மிச்சமாகுமா? எதிலிருந்து தொடங்குவது?

மிச்சமாகும். ஆனால் தோட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மாடியில் காய்கறியும் போடுகிறேன். வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. இந்த மூன்றிலும் நான் கண்டது ஒன்றுதான்: குறைவாகச் செலவழிக்கிறவர்களைவிட உரிய நேரத்தில் செலவழிக்கிறவர்கள் கையில்தான் காசு தங்குகிறது. புளியை மாசியில் வாங்குவது, பிரிந்த தையலை அன்றைக்கே பிடிப்பது, அடுத்த ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு இந்த ஜூலையிலேயே எடுத்து வைப்பது எல்லாமே ஒரே வேலைதான்.

முதலில் அந்த மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். 50,000 ரூபாய்க்கு அது மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாடியில் எவ்வளவு நன்றாகக் கீரை வந்தாலும் மாதம் 1,500 ரூபாய்க்குக் கீரை வராது. வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால் அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து இந்தக் கடனை முதலில் மூடுங்கள். அங்கே ஆண்டு வட்டி அநேகமாக இதில் மூன்றில் ஒரு பங்குதான். 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் முதல் மாத வட்டி 500 ரூபாய். இப்போது கட்டும் அதே 1,500 ரூபாயைத் தொடர்ந்து கட்டினால் மீதி 1,000 அசலில் கழியும். மூன்றரை வருஷத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நகை இல்லையென்றால் நீங்கள் சேர்ந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடன் கேளுங்கள். நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்துக்கொண்டு மூணு வட்டி கட்டுகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது. பெட்டியில் தூங்கும் சங்கிலி மாதம் ஆயிரம் ரூபாய் காப்பாற்றிக் கொடுக்குமென்றால் அது வெளியே வரட்டும்.

அடுத்தது கணக்கு. பட்ஜெட் என்றதும் எல்லோரும் காய்கறி, மளிகை, பால் என்று மாதச் செலவை எழுதுகிறார்கள். மாதச் செலவு பெரும்பாலான வீடுகளில் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். வீட்டைச் சாய்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகள். ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எந்த மாதம் என்ன பெரிய செலவு என்று குறித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு: ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் சேர்த்து 24,000. தீபாவளிக்கு 12,000. பொங்கலுக்கு 5,000. காப்பீட்டுத் தவணை 6,000. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 4,000. ஊர்ப் பயணமும் மொய்யும் 9,000. கூட்டினால் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. ஆக, உங்கள் வருமானம் 35,000 இல்லை, 30,000தான். மீதி 5,000 ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம், தேதிதான் பின்னால் வருகிறது. இது தெரியாததால்தான் ஜூன் வந்தவுடன் வட்டிக்கு வாங்க ஓடுகிறோம். உங்கள் 50,000 ரூபாய்க் கடனும் அநேகமாக இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இந்த 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றைக்கே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். வங்கி வேண்டாமென்றால் தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்டி போடலாம், ஆனால் அது ஐந்து வருஷத் தவணை என்பதால் ஜூன் செலவுக்கு உதவாது. நீண்ட காலச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொய் விஷயத்தில் ஒரு யோசனை. கல்யாணங்கள் தை, வைகாசி, ஆவணி என்று குவியும், ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக இருக்காது. வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதை வைத்து ஒரு தொகை ஒதுக்கிவிடலாம்.

நகைச் சீட்டு பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். பதினோரு மாதம் கட்டினால் ஒரு தவணை போனஸ் என்பார்கள். கடையை மூடிவிட்டால் அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட் போலக் காப்பீடு கிடையாது. கடன் இருக்கும் வரை அதில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. ஏலச் சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிறுவாடு சேர்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் விடாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளித்து வைத்த காசு எத்தனையோ ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கியிருக்கிறது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தப் பணமெல்லாம் அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியே வரவேண்டியிருந்தது. அதனால் பானையில் கொஞ்சம் இருக்கட்டும், மீதி உங்கள் பெயரில் இருக்கிற கணக்கில் இருக்கட்டும்.

தினசரிச் செலவில் கைவைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவோம்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். பருப்பையும் எண்ணெயையும் வாங்காமல் விடுவது ஒவ்வொரு மாதமும் கையிலிருக்கும் காசைக் கீழே போடுவதுதான். ரேஷன் புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லையென்றால் இட்லிக்குப் போடுங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். உளுந்துக்கும் கரண்டுக்கும் சேர்த்து 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடையில் பாக்கெட் மாவு ஒரு கிலோவே அந்த விலை. வாரம் ஒரு தடவை அரைத்தால் மாதம் 400 ரூபாய் தாராளமாக நிற்கும். இது தோட்டத்தைவிடப் பெரிய தொகை என்பதைக் கவனியுங்கள்.

பாலில் அட்டை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாய்க்கு ஏறியபோதும் மாத அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாயிலேயே நின்றது. ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு அந்த வித்தியாசம் மட்டும் மாதம் 420 ரூபாய். உங்கள் பகுதியில் இப்போது அட்டை விலை எவ்வளவு என்று பூத்தில் கேளுங்கள். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. காபிக்கும் தயிருக்கும் ஒரே பால்தான் வேண்டுமென்பதில்லை.

வருஷச் சாமான் வாங்குகிற பழைய வழக்கத்தைத் திரும்பப் பிடியுங்கள். புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். அப்போது வருஷத்துக்கு ஆவதை வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காய வைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்துவிடலாம். மிளகாய் வற்றலும் அதே சமயத்தில்தான் புது வரத்து. தக்காளி மலிந்து கிடக்கும்போது தொக்காகக் கிளறி வைப்பதும் அந்தக் கணக்குதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த மாதம் ஒரு பாட்டில் தொக்கு இருந்த வீடு நிம்மதியாக இருந்தது. காய்கறிக்கு உங்கள் ஊரில் தென்னூர் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் அது, விவசாயியே நேரில் விற்கிறார், விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். காலையில் சீக்கிரம் போனால் தரம், முடிகிற நேரத்தில் போனால் விலை. எது வேண்டுமோ அந்த நேரத்துக்குப் போங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: 500 யூனிட் கோடு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 2022 செப்டம்பர் கட்டண வரிசைப்படி அது யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. அதாவது 501ஆவது யூனிட் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் தின்றுவிடும். கட்டணம் அவ்வப்போது மாறும், வரிசையின் அமைப்பு இதுதான். ஆகவே ரீடிங் எடுத்த தேதியிலிருந்து நாற்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள், கடைசி இருபது நாளில் அடக்கிக்கொள்ளலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற பிஎல்டிசி வகை ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரென்றால் உங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டுமே விலைதான், ஃபேனை முதலில் மாற்றுங்கள்.

இனி மாடி. தோட்டத்தில் காசு மிச்சமாகுமா என்பது எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடிக்கடி சின்னக் கட்டாக வாங்கி, பாதியைப் பயன்படுத்தி, மீதியை வாட விட்டுத் தூக்கிப் போடுகிற பொருள்கள் எவையோ அவற்றைப் போடுங்கள். கீரை, கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய். இவற்றுக்கு அடுத்து வெண்டை, கத்தரி, கொத்தவரை. வெங்காயம், உருளை, கேரட், காலிஃபிளவர் பக்கம் போகவே வேண்டாம். செடி வளர்க்கிற பை ஒன்றை மூன்று மாதம் அடைத்துக்கொண்டு ஒரு நாள் குழம்புக்குத்தான் வரும்.

பத்துப் பைக்கு மேல் தொடங்காதீர்கள். புதுப் பைகளையும் வாங்க வேண்டாம். பெயிண்ட் வாளி, உடைந்த குடம், பழைய டிரம் எதுவும் ஆகும். அரிசிச் சாக்கு மட்டும் சரிவராது, திருச்சி வெயிலில் ஒரே வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஓட்டையை அடியில் போடாமல் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் போட்டால் கொஞ்சம் நீர் தங்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் மண்ணைப் போட்டால் இறுகிக் கல்லாகிவிடும். மாடிக்குப் பாரமும் கூட. நனைந்த பை ஒன்று இருபது கிலோ கனக்கும், அதனால் சுவரோரமாக, செங்கல்லின் மேல் வையுங்கள். தளம் ஈரம் காயாமல் இருந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், முதல் கட்டுக் கீரையை அவர் வீட்டுக்குக் கொடுங்கள். தோட்டக்கலைத் துறை பைகளும் விதையும் உரமும் சேர்ந்த மாடித் தோட்டத் தளையை மானிய விலையில் கொடுக்கிறது. வட்டார அலுவலகத்தில் இருப்பு வரும்போது தெரிந்துகொண்டு வாங்கலாம்.

எப்போது தொடங்குவது என்பதுதான் முக்கியம். சித்திரையில் பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும்போது உற்சாகமாகத் தொடங்குகிறவர்கள் வைகாசிக்குள் விட்டுவிடுகிறார்கள். அந்த வெயிலில் பச்சை வலை கட்டாமல் நாற்று பிழைக்காது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றது மாடிக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் விதைத்தால் வெயில் தணியத் தணியச் செடி வளர்ந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வெண்டையும் கத்தரியும் காய்த்துவிடும். அடுத்து தைப்பட்டம். கொத்தமல்லிக்குக் கார்த்திகை முதல் மாசி வரை, குளிர் இருக்கும்போதுதான். தனியாவை இரண்டாக உடைத்துப் போடுங்கள். கோடையில் போட்டால் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

கீரை மட்டும் எந்த மாதமும் வரும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்கி எடுத்துவிடுவது. அரைக்கீரை அப்படியில்லை, ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, அதன் பிறகு வெட்ட வெட்டத் தழையும். எனக்கு எல்லாக் கீரையிலும் அரைக்கீரைமேல்தான் பிரியம், ஒரு தடவை விதைத்தால் மாதக்கணக்கில் சோறு போடும். விதை மிகச் சின்னது, மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். தூவியதும் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், சுற்றிலும் மஞ்சள் தூள் போடுங்கள். பொன்னாங்கண்ணியும் பசலையும் விதையே கேட்காது, சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றிய தண்டு நாலைக் குத்தி வைத்தால் போதும். புதினாவும் அப்படித்தான். இரண்டடிக்கு ஓரடி நீளப் பை நான்கு இருந்து, வாரம் விட்டு வாரம் மாற்றி விதைத்தால் வாரத்தில் இரண்டு நாள் கீரை நிச்சயம்.

தரையில் ஒரு முழ இடம் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு முருங்கை வையுங்கள். 1989-ல் பெரியகுளத்தில் வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் விதையிலிருந்தே வரும், ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறும், அந்த நேரம் கிளையை ஒடித்துவிட வேண்டும்.

பூச்சிக்குக் கடை மருந்து வேண்டாம். கீரையை நாளைக்கே பறித்துச் சமைக்கப் போகிறோம். லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கு இது நன்றாகக் கேட்கும். 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் நாசமாக்கியபோது மருந்தால் அடக்க முடியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான் அடக்கியது. நம் மாடியிலும் அப்படிப்பட்ட பூச்சிகள் வேலை செய்துகொண்டிருக்கும். கடுமையான மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும்.

அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், இவை பத்துப் பைக்குப் பாதி வேலையைப் பார்த்துவிடும். தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீடாக இருந்தால் நான் தோட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காய்கறித் தோலை இரண்டு மண்பானையில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே காய்ந்த சருகு தூவி, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் இரண்டு மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். நல்ல செடி ஒன்றில் ஒரு வெண்டைக்காயையும் ஒரு கத்தரிக்காயையும் முற்ற விட்டு விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, தேதி எழுதி வையுங்கள். ஹைபிரிட் விதையில் இது பலிக்காது, முதலிலேயே நாட்டு விதையாக வாங்குங்கள்.

இவ்வளவும் சேர்ந்து மாதம் 250, 300 ரூபாய் மிச்சமாகும். அதற்கு மேல் சொன்னால் பொய். ஆனால் உங்கள் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் மருந்தில்லாத கீரை சாப்பிடுவார்கள். அதற்காகவே நான் செய்கிறேன்.

தையல் என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். பழசைத் தைப்பதில் ஏழெட்டு வேலை தெரிந்தால் போதும், நாலு பேர் வீட்டுக்குப் புதுத் துணி வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிப்போடலாம். மெஷின் பழசு என்கிறீர்கள். பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து, மெஷின் ஆயில் விட்டு, ஊசியை மாற்றுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் பத்துக்கு எட்டுத் தடவை குற்றம் மழுங்கிய ஊசியில்தான். மெல்லிய துணிக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

துணி கிழிந்த பிறகு தைப்பது கஷ்டம், கிழியப் போகிற இடத்தைப் பிடிப்பது சுலபம். துவைத்த துணியை மடிக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பேண்ட்டின் தொடை இணைப்பு, சட்டைக் காலர் மடிப்பு, சுடிதார் அக்குள், இந்த மூன்று இடமும்தான் முதலில் இழை விடும். இழை விட ஆரம்பித்ததுமே உள்பக்கம் அதே நிறத்தில் மெல்லிய துணி ஒன்றை வைத்து, நெருக்கமாக நாலு வரி ஓட்டிவிட்டால் ஒரு வருஷம் தாங்கும். ஓட்டை விழுந்தபின் அதே இடத்தில் ஒட்டுப் போட்டால் சுற்றியுள்ள துணி வலுவில்லாமல் மறுபடி கிழியும். சட்டைக் காலர் நைந்தால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம், உள்பக்கம் புதிதுபோல இருக்கும். முன்பெல்லாம் எல்லா டெய்லரும் செய்து கொடுத்தார்கள், இப்போது கேட்கிறவர் இல்லை. நீங்கள் கேளுங்கள்.

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போதே ஓரத்தில் மூன்று அங்குலமும் பக்கவாட்டில் ஒரு அங்குலமும் விடச் சொல்லுங்கள். வருஷா வருஷம் பிரித்து இறக்கலாம். இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரிந்தால், அந்தக் கோட்டின்மேல் ஒரு நாடா வைத்துத் தைத்துவிடுங்கள். பிள்ளைக்கு அது டிசைன்தான். ஜிப் கெட்டுப்போனால் முழு ஜிப்பையும் மாற்றாதீர்கள். பெரும்பாலும் ரன்னர் தளர்ந்திருக்கும். குறடால் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் ரன்னர் மட்டும் மாற்றலாம். புத்தகப் பைக்கும் இதே வைத்தியம்.

காட்டன் சேலை காலடியில் கிழிந்தால் அந்த இரண்டடியை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு பகுதியையும் இணைத்து, இணைப்பு கொசுவத்துக்குள் போகும்படி கட்டிக்கொள்ளலாம். பட்டுச் சேலைக்கு ஊசி எடுக்காதீர்கள், இழை கோத்துக் கிழிசலை மறைக்கிற ரஃபூ வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்து வைத்தாலே ஜரிகை மடிப்பில் விண்டுபோகாது. படுக்கை விரிப்பு நடுவில்தான் நைந்துபோகும், ஓரமெல்லாம் புதிதாக இருக்கும். நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கத்தை மடித்து ஓரமாக்கிவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதும், அக்கம்பக்கத்தாரின் உடைகளை ஆல்ட்டர் செய்வதும் கைவந்துவிட்டால் மெஷின் சம்பாதிக்கவும் செய்யும்.

பாத்திரம், சாமான்களிலும் இதே கண்ணோடு பாருங்கள். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டு ஜார் சுற்றவில்லையென்றால் மோட்டார் போகவில்லை, கப்லர் தேய்ந்திருக்கிறது. மோட்டாரைக் காப்பதற்காகவே முதலில் உடையும்படி செய்த பாகம் அது. நூறு ரூபாய்க்குள் முடியும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். உள்ளே பொறி பறந்தால் கார்பன் பிரஷ். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள், மெயினை அணைக்காமல் யாரும் தொட வேண்டாம். கிரைண்டரில் மாவு நேரம் எடுத்தால் பெல்ட்டைப் பாருங்கள், கல் வழுவழுப்பாகிவிட்டால் கொத்திக் கொள்ளலாம். பழுதுக்குக் கேட்கிற பணம் புதுப்பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

பிள்ளைகளுக்குக் குறை வைத்ததுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம் எல்லா அம்மாக்களுக்கும் வரும். முட்டை, பால், பழம், மருத்துவம் இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். மாதத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடப் போவதையும் கணக்கில் எழுதியே வையுங்கள். எழுதி வைத்த செலவு வீட்டைக் கெடுக்காது. அதேபோல் பாதுகாப்பில் பழுது பார்த்துச் சமாளிக்கக் கூடாத சாமான்கள் உண்டு. குக்கரின் சேஃப்டி வால்வு போனால் அந்த கம்பெனி வால்வே வாங்குங்கள், வேறு எதையும் வைத்து அடைக்காதீர்கள். தோல் உரிந்த வயரில் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆண்டு குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும், அடுப்பை அணைத்துவிட்டு இன்றைக்கே பாருங்கள்.